கை கழுவ அனுமதி வாங்கினீர்களா?

மருத்துவர் கை கழுவிவிட்டுத்தான் வருகிறாரா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள, நோயாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா? கேட்டால் சிரிப்பு வரும். 2007இல் அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்று ஏறத்தாழ இதைத்தான் கேட்டது.

ஐசியூவில் இருப்பவர்களுக்குக் கழுத்திலோ மார்பிலோ தொடை இடுக்கிலோ துளையிட்டு, பெரிய ரத்தக் குழாய்க்குள் சென்ட்ரல் லைன் போடுவார்கள். மருந்து போகும் அதே வழியில் கிருமியும் நேராக ரத்தத்தில் கலந்துவிடும். இதைத் தடுக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஐந்தே வேலைகளைப் பட்டியலிட்டார். கை கழுவ வேண்டும். தொப்பி, முகக்கவசம், அங்கி, கையுறை அணிந்து, நோயாளியின் உடலையும் துணியால் முழுக்க மூட வேண்டும். தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைக்க வேண்டும். கூடியவரை தொடை இடுக்கைத் தவிர்க்க வேண்டும். தேவை முடிந்த குழாயை உடனே எடுத்துவிட வேண்டும்.

இதில் எதுவும் புதிதல்ல. மருத்துவர் ஒரு படியை விட்டுவிட்டால், அவசர நிலை இல்லாதபோது, நர்ஸ் அவரைத் தடுத்து நிறுத்தலாம் என்றார்களே, அதுதான் புதிது. (ஆஸ்பத்திரியில் யார் யாரிடம் வாய் திறக்க முடியும் என்று அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.) மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இதைச் செய்து பார்த்தார்கள். குழாய் இருந்த ஒவ்வொரு 1000 நாளுக்கும் சராசரியாக 7.7 என்றிருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. 2006 டிசம்பரில் மருத்துவ இதழில் முடிவு வெளியானது.

அதற்குப் பிறகுதான் வம்பு. பொதுவாகப் பயன்படும் அறிவைத் திரட்ட முறைப்படி செய்யும் எதுவும் ஆராய்ச்சி என்பது அமெரிக்க விதி. மனிதர்கள் மீதான ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் அந்த அரசு அலுவலகம் அதை நீட்டியது: திட்டமிட்டீர்கள், கணக்கெடுத்தீர்கள், வெளியிட்டீர்கள், ஆகவே இது ஆராய்ச்சி. இதற்குப் பரிசீலனையிலிருந்து விலக்கு உண்டு என்று ஹாப்கின்ஸின் நெறிமுறைக் குழு முடிவுசெய்தது தவறு என்றது. கணக்கெடுப்பு நின்றது. அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே பத்திரிகையில் கொதித்தெழுதினார்.

அலுவலகத்தை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. விதிகள் அந்தப் புண்ணிலிருந்து பிறந்தவை. 1979இன் பெல்மான்ட் அறிக்கை சிகிச்சையையும் ஆராய்ச்சியையும் பிரித்துக் கோடு போட்டது. மிச்சிகனில் நடந்தது போன்ற தர மேம்பாட்டுப் பணி அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல்.

வெளியிட்டால் ஆராய்ச்சி, மேசை இழுப்பறையில் வைத்தால் நிர்வாகம் என்பது எனக்கு ஒப்பவில்லை. கற்றதைப் பிறரிடம் சொன்னவருக்குத் தண்டனையாக அது முடியும். பெயர் எதுவானாலும், நோயாளிக்குப் புதிதாக என்ன ஆபத்து வருகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பலன் தெரிந்த ஒன்றைச் சிலருக்குக் கொடுத்து, ஒப்பிடுவதற்காகச் சிலருக்கு மறுக்கிறார்களா? நோயாளியின் விவரம் வெளியே போகிறதா? ஆம் என்றால் நெறிமுறைக் குழு பார்த்தே ஆக வேண்டும். கை கழுவச் சொல்வதற்கு மருத்துவமனை நிர்வாகத்தின் மேற்பார்வையே போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்தவரை ஒரு நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்புவதும் "தர மேம்பாடு" என்ற பெயரில் வரலாம். மிச்சமாவது படுக்கைச் செலவாக இருக்கும். அதைச் செலவு மிச்சம் பிடிப்பவரே சரிபார்ப்பதில் அர்த்தமில்லை. அங்கே வெளியாள் ஒருவர் வேண்டும்.

மிச்சிகன் விவகாரத்தில் 2008 பிப்ரவரியில் அலுவலகம் இறங்கி வந்தது. பட்டியலை ஐசியூக்கள் தொடரலாம், அது இப்போது வெறும் சிகிச்சைதான் என்றது. முன்பு நடந்ததற்குங்கூட விரைவுப் பரிசீலனையே போதுமாக இருந்திருக்கும், நோயாளிகளின் கையெழுத்தும் தேவைப்பட்டிருக்காது என்று சேர்த்துச் சொன்னது.