ரஷ்யாவில் வாழ்க்கைப்பட்ட தெங்கே

கஜகஸ்தான் நாணயமான 'தெங்கே'வும், ரஷ்ய மொழியில் பணத்தைக் குறிக்கும் 'தென்கி'யும் ஒரே சொல்லா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே சொல்தான். ஆனால் கஜாக்கியர்கள்தான் ரஷ்யர்களுக்கு அதைக் கொடுத்தார்கள் என்பதை நம்ப வேண்டாம். 1389-இல் இறந்த மாஸ்கோ இளவரசர் திமித்ரி தன்ஸ்கோயின் காலத்திலேயே 'தென்கா' என்ற வெள்ளிக்காசு அங்கே வந்துவிட்டது. கஜாக் கானரசு தோன்றியதோ 1465 வாக்கில். அவை இரண்டுக்கும் முந்தைய மங்கோலிய அரசான தங்கக் கூட்டத்தில் புழங்கிய துருக்கிய மொழிதான் பொதுவான ஊற்று. வரலாறு இவ்வளவு போதும்.

என்னை மயக்குவது அதற்குப் பிறகு நடந்தது. கஜாக் சொல்லின் நடுவில் இருப்பது நம் 'ங்'. 'தங்கை' என்று சொல்லும்போது அடிநாக்கு எழுந்து அண்ணத்தை அடைக்கிறதே, அதே ஒலி. ரஷ்ய மொழியில் இது கிடையாது. அதனால் ஒலி நாக்கின் முன்பக்கத்துக்கு நகர்ந்து, 'ஞ்' பக்கம் சாய்ந்த ஒரு 'ன்' ஆனது. 'தங்கை', 'தென்கிழக்கு' இரண்டையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள், தொலைவு புரியும்.

புகுந்த வீட்டுக்கு வந்த மருமகளின் கதைதான் இது. வந்ததும் பேச்சு மாறியது. 'ஆ'வில் முடிந்ததால் பெண்பால் என்று குடும்பத்தில் பெயர் பதிவானது. அந்த வீட்டில் ஒரு வழக்கம்: ஆறாம் வேற்றுமைப் பன்மையில் இத்தகைய சொற்கள் கடைசி உயிரைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றினால் மிஞ்சுவது 'தென்க்'. இந்த வடிவத்தின் முடிவில் இப்படி இரு மெய்கள் முட்டுவதை அங்கே பல சொற்களில் தவிர்ப்பார்கள். ஆகவே நடுவில் ஓர் 'எ' நுழைந்து 'தெனெக்' ஆகிறது. வீட்டுப் பெண்ணான 'செஸ்த்ரா'வும், அதாவது சகோதரியும், இதே சடங்கில் 'செஸ்த்யோர்' ஆகிறாள். மகளுக்கும் மருமகளுக்கும் ஒரே முறை. கடைசியில் பெட்டிச் சாவியும் மருமகள் கைக்கே வந்தது: காசின் பெயராக இருந்தது, பணம் முழுவதற்கும் பெயராகிவிட்டது.

இதை ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றுக்கும் நீட்டுவதும் மிகை. உக்ரேனியர்களுக்குப் பணம் 'ஹ்ரோஷி', மத்திய ஐரோப்பியக் காசின் பெயர். பல்கேரியர்களுக்கு 'பரி', ஒட்டோமான் துருக்கியரின் காசு. எந்தச் சந்தையோடு கொடுக்கல் வாங்கலோ, அந்தச் சந்தையின் சொல். தெங்கேயின் ஆதி வேர் பாரசீகமா, இந்திய 'டங்க'மா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடில்லை. அதற்குள் நம் 'தங்கம்' வரை கோடு இழுப்பது ஓசையை மட்டும் நம்பும் வேலை.

மீண்டும் கஜகஸ்தானுக்கு வருவோம். சோவியத் ரூபிள் தாளில் கஜாக் மொழியில் 'சோம்' என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். 1993 நவம்பர் 15 அன்று ரூபிளை விட்டு விலகி, 500 ரூபிளுக்கு ஒன்று என மாற்றிக் கொடுத்த புது நாணயத்துக்குத்தான் கஜகஸ்தான் 'தெங்கே' என்று பெயரிட்டது.