பழைய மஸ்டாங் வாங்கலாமா? எட்டு சிலிண்டர் ஆசையின் நிஜ விலை

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மதுரைக்கார நண்பன். கறுப்பு நிற ஃபோர்டு மஸ்டாங் ஒன்று, பானட் திறந்து நிற்கிறது. யாரோ உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, போன் ஸ்பீக்கர் கிழிந்துவிடும்போல ஒரு உறுமல். கீழே ஒரே வரி: "மாப்ள, 2007 மாடல், 11,000 டாலர். வாங்கட்டுமா?"

நம்மூர்க் கணக்கில் அது ஒன்பது, பத்து லட்சம் ரூபாய். அதே மாதம்தான் மதுரையில் அவன் வீட்டுக்கு மாடி எடுப்பது பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவனோ எச்1பி விசாவில் இருக்கிறான். அதனால் "வாங்குடா, வாழ்க்கை ஒருமுறைதான்" என்று பதில் போட எனக்கு மனசு வரவில்லை. "வேண்டாம்" என்று சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சத்தத்தை நானும் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பசங்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

மஸில் கார் என்றால் என்ன?

சாதாரண நடுத்தர அளவு காரில், அதன் தகுதிக்கு மீறிய பெரிய இன்ஜினை வைத்தால் அதுதான் மஸில் கார். 1964 மாடலாக வந்த பான்டியாக் ஜிடிஓ-விலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். அந்த அளவு கார்களில் 5.4 லிட்டருக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிராண்டுகளுக்கு ஒரு விதி வைத்திருந்தது. பான்டியாக் ஆட்கள் 6.4 லிட்டர் வி8 இன்ஜினைத் தனி மாடலாக இல்லாமல், டெம்பெஸ்ட் காருக்கான 'கூடுதல் ஆப்ஷன்' என்று சொல்லி விற்றார்கள். விதிக்குப் பின்வாசல் வழியாக வந்த கார்! அதே 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. தொடக்க விலை 2,368 டாலர். (மஸ்டாங் மஸில் கார் இல்லை, 'போனி கார்' என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. வி8 வைத்த மஸ்டாங்கைப் பற்றித்தான் பேசுகிறோம், விட்டுவிடுங்கள்.)

அந்தக் காலத்து வண்டிகளை இன்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 'புல்லிட்' படத்தில் ஓடிய 1968 மஸ்டாங் 2020-ல் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சினிமாவில் நடிக்காத சாதா வண்டிகளின் விலையும் சம்பளக்காரர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய் ரொம்ப நாளாகிறது.

புதுசு வாங்கலாம் என்றால் அங்கேயும் கதவு சாத்திக்கொண்டே வருகிறது. டாட்ஜ் சேலஞ்சரின் தயாரிப்பு 2023 இறுதியில் நின்றது. செவர்லே கமேரோ 2024 மாடலோடு முடிந்தது. மஸ்டாங் இன்னும் வருகிறது, ஆனால் வி8 வேண்டுமென்றால் 45,000 டாலரை ஒட்டி எடுத்து வைக்க வேண்டும். ஆக, நடுவில் மிச்சமிருப்பது 2005 முதல் 2014 வரை வந்த ஐந்தாம் தலைமுறை மஸ்டாங். பழசு, ஆனால் 'கிளாசிக்' இல்லை. அதனால்தான் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது.

நல்ல பக்கம்

2005 முதல் 2009 வரையிலான ஜிடி மாடலில் 4.6 லிட்டர் வி8, 300 குதிரைத்திறன். இன்றைக்கு நிறைய குடும்ப எஸ்யூவி-கள் இந்தக் கணக்கை எட்டிவிடும். ஆனால் டர்போ இல்லாத பெரிய இன்ஜின், கையால் போடும் ஐந்து கியர், பின்சக்கரத்தில் இழுவிசை என்ற கூட்டணி இப்போதைய கார்களில் கிடைப்பதே அபூர்வம். மிதித்த மாத்திரத்தில் முதுகு சீட்டில் ஒட்டும்.

இன்னொன்று, இந்தக் கார் ஊர்ப்பட்ட எண்ணிக்கையில் விற்றது. 2005, 2006 இரண்டு வருஷங்களிலும் அமெரிக்காவில் தலா ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. சந்துபொந்தில் இருக்கும் மெக்கானிக்குக்கும் இந்த வண்டி அத்துப்படி. பின்னால் இருப்பது பழைய பாணி ஒற்றை அச்சு, லாரியில் இருப்பதுபோல. வளைவில் குழி வந்தால் வண்டியின் பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளும், ஆனால் கெட்டுப்போக அதில் பெரிதாக எதுவும் இல்லை.

எல்லோரும் பயப்படுவது பெட்ரோல் செலவுக்கு. அது உண்மையில் அவ்வளவு பெரிய பூதம் இல்லை. இந்த இன்ஜின் 87 ஆக்டேன் சாதா பெட்ரோலிலேயே ஓடும். வருஷத்துக்கு 10,000 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஸ்டாங் சராசரியாக 17 மைல் கொடுத்தால் சுமார் 1,760 டாலர். 32 மைல் கொடுக்கும் சின்ன கார் என்றால் 940 டாலர். வித்தியாசம் மாசத்துக்கு 70 டாலருக்குக் கொஞ்சம் கீழே. விலை சரிவும் பெரும்பாலும் முடிந்துபோன கதை, முதல் ஓனர் அதையெல்லாம் அனுபவித்துவிட்டார்.

எட்டு பிளக்குகளின் கதை

சரி, எங்கே இடிக்கும்? நண்பனிடம் நான் முதலில் கேட்டது: "ஸ்பார்க் பிளக் மாத்திட்டாங்களா?"

"அது என்னடா பெரிய விஷயமா?"

இந்த இன்ஜினில் பெரிய விஷயம்தான். 2005 முதல் 2008 வரை வந்தவற்றில் பிளக் ஒரே துண்டாக இருக்காது. நீளமான மெல்லிய கீழ்ப்பகுதி தனியாகச் செய்து பொருத்தப்பட்டது. அது இன்ஜின் ஹெட்டுக்குள் ஆழமாக இறங்கி உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் அதைச் சுற்றிக் கரி படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் மேல்பாதி கையோடு வரும், கீழ்ப்பாதி உள்ளேயே தங்கிவிடும். பிறகு அதை வெளியே எடுக்கத் தனிக் கருவி வேண்டும், பொறுமை வேண்டும், மணிக்கணக்கில் கூலியும் வேண்டும். கொஞ்சம் தளர்த்தி, கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி, ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி எடுப்பதுதான் முறை. இப்படி எட்டு தடவை. முந்தைய ஓனர் மாற்றியதற்கு ரசீது இருந்தால் அந்தக் காகிதத்துக்கே தனி விலை கொடுக்கலாம்.

"அப்ப வி6 வாங்கிடவா? பார்க்க ஒரே மாதிரிதான இருக்கு?" என்றான். 2010 வரை வந்த 4.0 லிட்டர் வி6-ல் 210 குதிரைத்திறன்தான். அதோடு அதன் டைமிங் செயின்களில் ஒன்று இன்ஜினின் பின்பக்கம் இருக்கிறது. அதில் கோளாறு வந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கழற்றாமல் தொட முடியாது. 2011-ல் வந்த 3.7 லிட்டர் வி6 முற்றிலும் வேறு இன்ஜின், 305 குதிரைத்திறன். அதாவது 2005-ன் வி8-ஐ விட அதிகம். மூளையால் யோசித்து வாங்குபவர்களுக்கு அதுதான் சரியான வண்டி. மூளையால் யோசிப்பவர்கள் இந்தப் பக்கமே வர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பானட் அலுமினியம். அதன் முன்விளிம்பில் பெயிண்ட் கொப்பளித்து உரிவது இந்தத் தலைமுறையின் தெரிந்த வியாதி. அது அசிங்கம் மட்டும்தான், ஆபத்து இல்லை. ஆனால் மிச்சிகன், ஒஹையோ மாதிரி பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் மாநிலங்களில் ஓடிய வண்டியா என்பதைக் கீழே படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அடிப்பாகத் துருவை எந்தப் பாலிஷும் மறைக்காது.

இதெல்லாம் கம்பெனி செய்தது. முந்தைய ஓனர்கள் செய்ததுதான் இன்னும் பயம். இருபது வயசில் இந்த வண்டி கையில் கிடைத்தவன் சும்மா இருந்திருப்பானா? சைலன்சரை மாற்றியிருப்பான், இன்ஜின் புரோகிராமை மாற்றியிருப்பான், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருப்பான். டெக்சாஸில் சொந்தக் கார்களுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை 2025-ல் நீக்கப்பட்டாலும், டல்லஸ் உள்ளிட்ட சில கவுண்டிகளில் புகைச் சோதனை தொடர்கிறது, 24 வயது வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை யாராவது வெட்டி எறிந்திருந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம்

முதலாவது ஏர்பேக். உலகம் முழுக்கப் பிரச்சினையான டகாட்டா ஏர்பேக் வரிசையில் 2005 முதல் 2014 வரையிலான மஸ்டாங்குகளும் உண்டு. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உள்ளே இருக்கும் ரசாயனம் சீரழிந்து, விபத்தின்போது அதன் உலோகக் குடுவையே வெடித்துத் துண்டுகளாகப் பாயலாம். மாற்றித் தருவது இலவசம். காரின் 17 இலக்க அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டால், மாற்றியாயிற்றா இல்லையா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

இரண்டாவது, ஓட்டுபவர். அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஓட்டுநர் மரண விகிதப் பட்டியலில், மோசமான இடங்களில் மஸில் கார்கள் கணிசமாக இருந்தன. அவை புதிய கார்கள், பாதுகாப்பு வசதிகள் எல்லாம் உள்ளவை. பழைய ஜிடி-யில் அதுவும் குறைவு. வண்டி சறுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேர்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், மஸ்டாங்கில் எல்லா வண்டிக்கும் வந்தது 2010 மாடலில்தான். மழை பெய்த சாலை, தேய்ந்த பின்டயர், சிக்னலில் பக்கத்தில் நிற்பவனின் ஒரு பார்வை. இது போதும். மாருதியும் ஐ20-யும் ஓட்டிப் பழகிய, அதாவது முன்சக்கரம் இழுக்கும் காரில் மட்டுமே கை பழகிய நம்மவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் இது தெரியும். அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாதவர், கல்யாணமாகாத பையன், வி8 மஸ்டாங் என்று மூன்றையும் நிரப்பிப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது. பெட்ரோலை விட இதுதான் கடிக்கும்.

விசாவும் காரும்

பொதுவாக யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். பழைய கரோலாவை விளம்பரம் போட்டால் வார இறுதிக்குள் யாராவது வந்து எடுத்துப் போவார்கள். பழைய வி8-க்கு அதற்கென்று ஒரு ஆள் வர வேண்டும். அவசரத்தில் விற்கிறோம் என்று தெரிந்தால் விலையை அடித்துக் கேட்பார்கள்.

ஊருக்குக் கொண்டுவரலாமா? வாய்ப்பே இல்லை. இந்தியாவுக்கு இறக்குமதி செய்யும் பழைய கார் மூன்று வயதுக்கு உட்பட்டதாக, ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் மஸ்டாங்கை ஃபோர்டு தொழிற்சாலையிலேயே செய்ய ஆரம்பித்தது அடுத்த தலைமுறையில்தான். அதுதான் 2016-ல் இந்தியாவுக்கு வந்தது, 65 லட்சம் ரூபாய்க்கு. மறைமலை நகரில் இருந்து எகோஸ்போர்ட் வந்த காலம் அது.

இதையெல்லாம் சொன்னபோது நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 150 டாலர் கொடுத்து, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் அந்தக் கறுப்பு வண்டியைக் காட்டினான். அடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய். வீடியோவில் அவ்வளவு சத்தம் எப்படி வந்தது என்பதற்கும் விடை கிடைத்தது.

மாடிக்குத் தளம் போட்டு முடித்த பிறகு, இந்த வருஷம் பிப்ரவரியில் 2010 மாடல் ஜிடி ஒன்றை எடுத்தான். ஏர்பேக் மாற்றியது, பெட்டி நிறைய ரசீதுகள், பானட் விளிம்பில் மட்டும் பெயிண்ட் கொப்பளம். ஆபீஸுக்கு இன்னும் பழைய கரோலாதான். மஸ்டாங் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே வரும்.

வீடியோ காலில் அம்மாவிடம் காட்டியிருக்கிறான். அவர் பின்சீட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, நான் அங்க வந்தா இதுல எப்படிப்பா ஏறுவேன்?" என்று கேட்டாராம். முழங்கால் வலி அவருக்கு. இரண்டு கதவு வண்டி, முன்சீட்டை மடக்கிக் குனிந்துதான் பின்னால் போக வேண்டும்.

"முன்னாடி உக்காருங்கம்மா" என்றிருக்கிறான்.

"அப்ப அப்பா?"

அதற்குத்தான் கரோலாவை இன்னும் விற்கவில்லை என்கிறான்.