உரக் கணக்குக்கு முன் உப்புக் கணக்கு

வேலூர், ஆம்பூர் பக்கம் பயறு விளைச்சல் குறைந்தால் அடுத்த போகத்துக்கு ஒரு மூட்டை உரம் கூடுதலாக வாங்குவது வழக்கம். அந்த மூட்டை என்ன தரும், கிணற்றுத் தண்ணீர் என்ன எடுத்துக்கொள்ளும் என்று ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உரம்

இறவை உளுந்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 25:50:25 கிலோ. ஏக்கருக்கு 10:20:10. இதைக் கடைச் சரக்காக மாற்றினால்:

- டி.ஏ.பி. 43.5 கிலோ (50 கிலோ மூட்டை ரூ.1,350) – ரூ.1,175
- யூரியா 4.7 கிலோ (45 கிலோ மூட்டை ரூ.266.50) – ரூ.28
- பொட்டாஷ் 16.7 கிலோ – கடை விலைப்படி
- பூக்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று என 2% டி.ஏ.பி. தெளிப்பு இரண்டு, தடவைக்கு 200 லிட்டரில் 4 கிலோ – ரூ.216

பொட்டாஷ் நீங்கலாக ரூ.1,419. உளுந்தின் 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,800. ஆக, 18 கிலோ உளுந்து விற்றால் இந்தச் செலவு தீர்ந்தது. மணிச்சத்து வேருக்கும் வேர்முடிச்சுக்கும் பலம். தெளிப்பு, பூ உதிர்வதைத் தடுத்துக் காயை நிறைக்கும். யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் முடிச்சு சோம்பிவிடும், செடி இலையாக வளரும், காய் குறையும்.

உப்பு

தடவைக்கு 5 செ.மீ. வீதம் ஐந்து முறை பாய்ச்சினால் ஏக்கருக்குச் சுமார் 10 லட்சம் லிட்டர். தண்ணீரின் உப்பை ஈ.சி. என்ற அளவில் சொல்வார்கள், ஈ.சி. 1 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம். அப்படியானால் ஒரு போகத்தில் வயலுக்கு வரும் உப்பு:

- ஈ.சி. 0.7 – 448 கிலோ
- ஈ.சி. 1.5 – 960 கிலோ
- ஈ.சி. 2.4 – 1,536 கிலோ

அடியுரம் மூன்றும் சேர்ந்தே 65 கிலோதான். ஈ.சி. 2.4 கிணறு அதைப்போல 23 மடங்குக்கு மேல் உப்பை இறைக்கிறது. மழை ஒரு பகுதியைக் கழுவும்; மீதி வேர் மண்டலத்திலேயே தங்கும்.

இந்தப் பகுதியில் இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது உச்ச நீதிமன்ற ஏட்டிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று வந்த தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிடுகிறது. பச்சைத்தோல் கெடாமலிருக்கச் சாதா உப்பு தடவுவார்கள்; ஊறவைக்கும்போது அது கழிவுநீரில் இறங்கி, நிலத்துக்கும் கிணற்றுக்கும் வந்து சேரும்.

இழப்பு

உலக உணவு வேளாண் நிறுவனத்தின் அட்டவணைப்படி, பாசன நீரின் ஈ.சி. கூடக்கூட பீன்ஸ் மகசூல் குறையும் விதம்:

- 0.7 வரை – இழப்பு இல்லை
- 1.0 – 10%
- 1.5 – 25%
- 2.4 – 50%

உளுந்துக்கு இதே எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் அதுவும் உப்பு தாங்காத இனமே. 300 கிலோ எடுக்கும் ஏக்கரில் கால் பங்கு போனால் 75 கிலோ, ரூ.5,850. பரிந்துரைத்த டி.ஏ.பி., யூரியாவை இரட்டிப்பாக்கினால் கூடுதல் செலவு ரூ.1,203; அதனால் அந்த 75 கிலோ திரும்ப வராது. உப்பால் வேர் நீரை இழுக்க முடியாதபோது, பக்கத்தில் கிடக்கும் சத்தும் செடிக்கு எட்டாது.

காராமணி கதை வேறு. அதே அட்டவணையில் பாசன நீர் ஈ.சி. 3.3 வரை அதற்கு இழப்பில்லை. பீன்ஸில் பாதி போகும் தண்ணீரில் காராமணி முழுசாக நிற்கும்.

செலவு வரிசை

முதலில் தண்ணீர்ப் பரிசோதனை. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடித்துக் கொடுத்தால் போதும். ஈ.சி. 0.7-க்குள் இருந்தால் முழுப் பரிந்துரையும் தாராளமாகப் போடலாம், கொடுத்த காசு திரும்பும். 1.5-ஐத் தாண்டினால் காராமணிக்கு மாறலாம்; உளுந்துதான் வேண்டுமென்றால் மானாவாரியாக மழையை நம்பி விதைக்கலாம். மானாவாரிக்குப் பரிந்துரை பாதிதான்: டி.ஏ.பி. 21.7 கிலோ, யூரியா 2.4 கிலோ, இரண்டும் சேர்ந்து ரூ.600.