இசைத்தட்டுக் கடைகளும் ஆங்கில நாட்டு நகரவீதிகளும்

ஆங்கில நாட்டு நகரங்களிற் பெரும்பாலானவற்றில் 'ஹை ஸ்ரீற்' என்னும் பெயருடைய வீதியொன்று உண்டு. தலைவீதி என நாம் அதனை வழங்கலாம். வங்கி, தபாற்கந்தோர், மருந்துக்கடை, புடைவைக்கடை, புத்தகக்கடை என்பன வரிசையாக நிற்கும் அவ்வீதியில் இசைத்தட்டுக் கடை ஒன்றும் இருத்தல் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் வழக்கமாயிற்று. இன்று அக்கடைகளுட் பல இல்லை; அவற்றுக்கு அயலாய் நின்ற கடைகளும் பல இல்லை. 'இணையம் வந்தது, கடை போயிற்று' என ஒரு வரியிற் காரணங் கூறி அமைவார் பலர். அக்கூற்றுப் பொய்யன்று, ஆயின் முழு உண்மையுமன்று. வரிச்சட்டமும் குத்தகை முறையும் நகரமைப்புக் கொள்கையும் இவ்வீழ்ச்சியிற் கொண்ட பங்கு பெரிது. அதனை ஈண்டு ஒருவாறு நோக்குவாம்.

கிராமபோன் பெட்டியின் குழாய்முன் அமர்ந்து தன் தலைவன் குரலைச் செவிமடுக்கும் நாயின் உருவத்தை நம்மவருள் முதியோர் நன்கறிவர். அவ்வுருவந் தாங்கிய தட்டுக்களை இந்தியாவிலேயே செய்தற்கெனக் கல்கத்தாவில் 1908ஆம் ஆண்டில் தொழிற்சாலை அமைத்த கிராமபோன் கம்பனியே, 1921 யூலை 20ஆந் திகதி இலண்டன் ஒக்ஸ்போட் வீதி 363ஆம் இலக்கத்தில் எச்.எம்.வி. என்னும் கடையைத் திறந்தது. திறந்துவைத்தவர் ஆங்கில இசைப்புலவர் எட்வேட் எல்கார். நாட்டின் தலைசிறந்த இசையறிஞர் ஒருவர் கடையொன்றைத் திறக்க இசைந்தமை, அக்காலத்தார் அதனை வெறுஞ் சரக்கு விற்குமிடமாகக் கருதவில்லை என்பதற்குச் சான்றாகும்.

இதனினும் சிறந்த சான்று 1962இல் நிகழ்ந்தது. லிவர்ப்பூல் நகரில் தம் குடும்பத்தாரின் இசைக்கடையை நடத்திய பிறயன் எப்ஸ்ரீன் என்பார், பீற்றில்ஸ் என்னும் இளைஞர் குழுவின் முகாமையை ஏற்றிருந்தார். ஒலிப்பதிவுக் கம்பனியொன்று அக்குழுவை வேண்டாவென மறுத்துவிட்டது. மறுக்கப்பட்ட ஒலிநாடாக்களைத் தட்டுக்களாக மாற்றுதற்கு அவர் ஒக்ஸ்போட் வீதிக் கடைக்குச் சென்றார். தட்டு வெட்டும் பணியாளர் பாடல்களைக் கேட்டு வியந்து, அதே கட்டடத்தின் மேல்மாடியிலிருந்த பாடற்பதிப்பாளரிடம் அவரை அனுப்பினார். அத்தொடர்பே பார்லபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் மார்ட்டினிடம் கொண்டு சேர்த்தது. ஒரு கடையின் மாடிப்படி ஓர் இசை வரலாற்றை மாற்றிற்று எனின் மிகையன்று. விற்போனும் வாங்குவோனும் ஒரே கூரையின்கீழ் நின்று ஒரே ஒலியைக் கேட்டமையால் விளைந்த பயன் அது.

இனி, இக்கடையின் வாணிக முறையை அறிதல் வேண்டும். நல்ல இசைக்கடை பல்லாயிரந் தலைப்புக்களை வைத்திருக்கும். அவற்றுட் சில நூறு மாத்திரமே நாடோறும் விலைப்படுவன. எஞ்சியவை, ஒரு கீழைத்தேய இசைப்பதிவோ பழைய இசைநாடகமோ, ஓராண்டில் ஒருமுறை ஒருவர் வந்து கேட்கும் வரை தட்டிற் கிடப்பன. விரைந்து விற்பனவற்றின் இலாபமே இவற்றின் இடவாடகையைச் செலுத்திற்று. சுருங்கச் சொல்லின், பலர் விரும்பிய பாட்டுச் சிலர் விரும்பிய பாட்டைத் தாங்கி நின்றது.

இத்தூணையே பேரங்காடிகள் முதலிற் பெயர்த்தன. பாலும் பாணும் விற்கும் பேரங்காடிகள் விரைந்து விற்கும் இறுவட்டுக்களை மாத்திரம் தெரிந்தெடுத்து, ஆட்களை உள்ளே இழுத்தற்பொருட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்றன. ஆறுதலாக விற்கும் சரக்கு இசைக்கடையின் தலையிலேயே தங்கிற்று. 1999இல் நாப்ஸ்ரர் தோன்றிப் பணமின்றிப் பாடல்களைப் பகிரும் வழியைக் காட்டுமுன்னரே இந்நோய் தொடங்கிவிட்டது.

அடுத்தது வரி பற்றியது. இதனைப் படிக்கும் வாணிபக்கலை மாணவர் சிறிது நின்று நோக்குவாராக. பிரித்தானியக் கரைக்கும் பிரான்சுக்கும் இடையே கிடக்கும் யேர்சி, குவேண்சி என்னுந் தீவுகளிலிருந்து அஞ்சலில் வரும் பொருளின் பெறுமதி 18 பவுணுக்கு மேற்படாதாயின், அதற்குப் பெறுமதி சேர் வரி அக்காலத்தில் இருக்கவில்லை. அற்பப் பெறுமதியுள்ள பொதிகளுக்கு வரி அறவிடுதல் வீண்செலவு என்னுங் கருத்திற் பிறந்த சலுகை இது. ஆயின் இறுவட்டின் விலை அவ்வெல்லைக்குள் அடங்கியது வாணிகர் கண்ணுக்குத் தப்பவில்லை. இங்கிலாந்திலிருந்து தட்டுக்களைத் தீவுக்கு அனுப்பி, அங்கிருந்து அஞ்சல்வழி இங்கிலாந்துக்கே திருப்பியனுப்பும் விந்தையான வாணிகம் தழைத்தது. வரியின்றிப் 10 பவுண் பெறும் இறுவட்டைத் தலைவீதிக் கடைக்காரன், அக்காலத்து 17.5 சதவீத வரியோடு, 11 பவுண் 75 பென்சுக்கு விற்கவேண்டியிருந்தது. தீவுக் கடைக்காரன் 10 பவுணுக்கே விற்றான். சில்லறை இலாபமே அவ்விடைவெளியினுட் கரைந்துபோயிற்று. எல்லை 2011 நவம்பரில் 15 பவுணாகக் குறைக்கப்பட்டது. அத்தீவுகளுக்கான சலுகை 2012 ஏப்பிரில் முதலாந் திகதி அறவே நீக்கப்பட்டது. அதற்குள் பல சிறுகடைகள் கதவடைத்துவிட்டன. பெருங்கம்பனிகளும் இத்தீவுவழியைப் பயன்படுத்தின என்பதையும் மறைத்தலாகாது, எச்.எம்.வி. தானும் குவேண்சியிலிருந்து அஞ்சல் வாணிகம் நடத்தியது.

கடைகள் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நின்றன என்பதற்கு 2008ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள் எடுத்துக்காட்டு. 1909இல் லிவர்ப்பூலில் தன் முதற் பிரித்தானியக் கடையைத் திறந்த வூல்வேர்த் கம்பனி 2008 நவம்பரில் முறிந்தது. 2009 சனவரி 6ஆந் திகதிக்குள் அதன் 807 கடைகளும் மூடப்பட்டன. ஏறத்தாழ 27,000 பேர் வேலையிழந்தனர். அக்கம்பனியின் கிளை நிறுவனமொன்றே ஏனைய இசைக்கடைகட்கும் மொத்த விற்பனையாளராய் இருந்தது. அது வீழவே, வேர்ஜின் கடைகளை ஏற்று நடத்திய சாவி என்னும் நிறுவனம் சரக்கின்றித் தத்தளித்து, நத்தார்க்கு முதல்நாளில் முறிந்தது.

நத்தார்க் காலத்தில் இவ்வாறு நிகழ்தல் தற்செயலன்று. ஆங்கில நாட்டுக் கடைக்குத்தகையின் மரபுப்படி மூன்று மாத வாடகை முன்கூட்டியே கொடுபடல் வேண்டும். தவணை நாட்களுள் ஒன்று டிசம்பர் 25. ஆண்டின் சிறந்த விற்பனை முடிந்து பணம் கையில் நிற்கும் அந்நாளிலேயே, இனி வரும் மந்த மாதங்கட்குரிய வாடகையுங் கேட்கப்படுகின்றது. எச்.எம்.வி. 2013 சனவரியிலும், மீண்டும் 2018 டிசம்பரிலும் நிருவாகியர் கைக்குச் சென்றது. முதன்முறை ஏறத்தாழ 4,000 ஊழியரின் வேலை ஊசலாடிற்று. நத்தார்ப் பரிசாகப் பிள்ளைகள் பெற்றிருந்த அன்பளிப்புச் சீட்டுக்களைக் கடைகள் சில நாள் ஏற்க மறுத்துப் பின் ஏற்றமையும் அப்போது நிகழ்ந்ததே.

வாடகைக்கு மேல் சோலைவரி. இங்கிலாந்திற் கடைகளின் சோலைவரி கட்டடத்தின் ஆண்டு வாடகைப் பெறுமதியைக் கொண்டு விதிக்கப்படுவது. அவ்வரி அக்காலத்தில் ஏறத்தாழ அதன் அரைப்பங்காய் இருந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த மதிப்பீடு 2008 ஏப்பிரிலின் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டது. அதன்பின் பொருளாதாரம் சரிந்து பல ஊர்களில் வாடகை வீழ்ந்தது, சோலைவரி வீழவில்லை. 2015இல் நிகழவேண்டிய புதுமதிப்பீட்டையும் அரசாங்கம் 2017வரை ஒத்திவைத்தது. இணைய வாணிகனோ நகருக்கப்பால் மலிவான நிலத்திற் பண்டகசாலை அமைத்து, விற்பனைக்கு ஒவ்வாத சிறுவரியே செலுத்தினான். இதனைத் திறமைக்குக் கிடைத்த வெற்றியென்று மாத்திரம் கூறுதல் நடுவுநிலையாகாது.

இணையத்துக்கு முன்னரே தலைவீதியைப் புண்படுத்தியது வேறொன்று. 1980களில் ஆங்கில மத்திய நாட்டு டட்லி நகரின் அயலே, மூடப்பட்ட உருக்காலையொன்றின் நிலத்தையும் சேர்த்து, மெரி ஹில் என்னும் மாபெரும் அங்காடித்தொகுதி எழுந்தது. தொழில் பெருக்கும் நோக்குடன் அரசாங்கம் வகுத்த தனிவலயமாதலின் அங்கே பத்தாண்டுக்குச் சோலைவரி இல்லை. கார் நிறுத்தக் கட்டணமும் இல்லை. 1990இல் மாக்ஸ் அன்ட் ஸ்பென்சர் டட்லிக் கடையை மூடி அங்கே சென்றது. பெருங்கடை போனபின் அதற்கு வருவோரை நம்பியிருந்த சிறுகடை எங்ஙனம் நிற்கும்? கார் இல்லாத முதியவருக்கும் மாணவருக்கும் நடந்து செல்லத்தக்க கடைத்தெருவே குறுகிற்று. நகர மத்திக்கு முதலிடம் என்னுங் கொள்கையை 1996இல் அரசாங்கம் வற்புறுத்தியது, வெள்ளம் வந்தபின் கட்டிய அணை போன்றது.

இழந்ததெல்லாம் இழப்பன்று என்பாரும் உளர். இன்று யாழ்ப்பாணத்து மாணவனொருவன் கைத்தொலைபேசியில் உலகத்தின் எவ்விசையையுங் கேட்கலாம். முன்னர் இலண்டன் செல்வந்தனுக்கும் இது கிட்டியதில்லை. இதனை யான் மறுக்கவில்லை. ஆயினும் பெயரறியாத பாட்டொன்றை வாயால் முணுமுணுத்துக் காட்ட, 'இதுவோ?' என எடுத்துத் தந்த கடைக்காரரின் அறிவு வேறு. நீ நேற்றுக் கேட்டதைப் போன்றதையே இன்றுந் தரும் கணக்குப் பொறியின் பணி வேறு.

எல்லாக் கடைகளும் மாளவில்லை. 1894இல் தொடங்கிய கார்டிவ் நகரத்து ஸ்பில்லேர்ஸ் கடை தன் பழைய இடத்தைவிட்டு 2010இல் வேறிடத்துக்குப் பெயர்ந்து நிலைத்தது. 2022இல், 1987க்குப் பின் முதன்முறையாக, பிரித்தானியாவிற் கருந்தட்டு விற்பனையின் பெறுமதி இறுவட்டினதை விஞ்சியது. எச்.எம்.வி.யை 2019இல் கனடா நாட்டவர் ஒருவர் வாங்கி நூறு கடைகளைக் காத்தார். ஆயின் அவ்வாண்டில் ஒக்ஸ்போட் வீதி 363ஆம் இலக்கக் கடை மூடப்பட்டது. அவ்விடத்திற் பின்னர் அமெரிக்க இனிப்புப் பண்டங்கள் விற்கும் கடையொன்று இருந்தது. வெறுங்கடைக்கும், மூன்று மாதம் கழிந்தால், உரியவரே சோலைவரி செலுத்தவேண்டுமென 2008இல் விதி இறுகியமையால், எவருக்கேனும் இடங்கொடுத்தல் நலமென நிலவுடைமையாளர் பலர் எண்ணினர்; அவ்வீதியில் இத்தகைய இனிப்புக் கடைகள் பல முளைத்தன. 2023 நவம்பரில் எச்.எம்.வி. 363ஆம் இலக்கத்துக்கு மீண்டது. இப்போது அங்கே தட்டுக்களோடு படக்கதைப் புத்தகங்களும், பாடகர் பெயர் பொறித்த சட்டைகளும், பொம்மைகளும் விற்கப்படுகின்றன.