பழைய கார் ரேடியோவை வீட்டில் கேட்க

மழைக்காலத்தில் ஹட்டன் பக்கத் தோட்டங்களில் மரம் முறிந்தால் முதலில் போவது கரண்ட். மண்சரிவு எச்சரிக்கையை நாம் கேட்டாக வேண்டியதும் அந்நேரமே. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. கழற்றிப் போட்ட கார் ரேடியோ ஒன்று கிடைத்தால், கரண்ட் இல்லாதபோதும் நாம் செய்தி கேட்கலாம்.

கார் ரேடியோவுக்கு வேண்டியது 12 வோல்ட் பெற்றரி. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் நேரே இணைக்கவே கூடாது. பொதுவாகக் கறுப்பு வயர் பெற்றரியின் மறைமுனைக்கும், சிவப்பும் மஞ்சளும் நேர்முனைக்கும் உரியவை. நிறங்கள் மாறியிருக்கலாம், ரேடியோவின் மேல் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்துக்கொள்வோம். மஞ்சள் வயர் நிலையங்களை நினைவில் வைப்பது. ஆகவே சுவிட்சைச் சிவப்பில் மட்டும் வைக்க வேண்டும். நேர்முனைக்கு அருகிலேயே 10 அம்பியர் பியூஸ் அவசியம்.

ஸ்பீக்கர் 4 ஓம் ஆக இருக்கட்டும். அதன் இரு வயர்களில் எதையும் கறுப்பு வயருடன் சேர்த்தால் ரேடியோ பழுதாகலாம். ஏரியல் துளையின் நடுவில் 75 சென்ரிமீற்றர் வயரைச் செருகி, வீட்டுக்குள்ளேயே ஜன்னலருகில் நிமிர்த்தி வைத்தால் பண்பலை கேட்கும்.

சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஏறக்குறைய 1 அம்பியர்தான் செலவாகும். 40 அம்பியர்-மணி பெற்றரியில் பாதியே 20 மணித்தியாலம் வரும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிவருவதால், அடுப்புக்கும் படுக்கைக்கும் எட்ட, காற்றோட்டமான இடத்தில் வைப்போம்.

லயத்துக்கு ஒரு ரேடியோ போதும். எச்சரிக்கையைக் கேட்டவர் அடுத்த காம்பராவின் கதவைத் தட்ட வேண்டும்.