புளோரிடாவின் பொது நீர்நிலைகளில் அலிகேட்டர் வேட்டை அனுமதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மூலையிலுள்ள புளோரிடா மாநிலத்தில், ஏரி, ஆறு, சதுப்பு நிலம் போன்ற பொது நீர்நிலைகளில் அலிகேட்டர் முதலைகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேட்டையாடப் பொதுமக்களுக்கு அரசு ஆண்டுதோறும் அனுமதி வழங்குகிறது. புளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் நடத்தும் இத்திட்டம் 1988 முதல் மாநிலம் முழுவதும் நடைமுறையில் உள்ளது. ஒவ்வோர் அனுமதியும் ஒரு குறிப்பிட்ட நீர்நிலைக்கோ மாவட்டத்துக்கோ, குறிப்பிட்ட காலத்துக்கோ மட்டும் செல்லும். ஓர் அனுமதியில் இரண்டு முதலைகளுக்கு மேல் பிடிக்க முடியாது. இரண்டு என்ற அந்த வரம்பு வெறும் தாளில் எழுதப்பட்ட எண் அல்ல. அனுமதியோடு கையில் தரப்படும் இரண்டு அடையாளப் பட்டைகளே அந்த வரம்பு. பட்டை தீர்ந்தால் வேட்டையும் தீர்ந்தது.

அலிகேட்டரும் முதலையும்

தமிழில் இரண்டையும் முதலை என்றே சொல்கிறோம். புளோரிடாவில் அப்படிச் சொல்லிவிட முடியாது. காரணம், ஒன்றை வேட்டையாடலாம், மற்றொன்றைத் தொடவும் கூடாது. அமெரிக்க அலிகேட்டருக்கு முகவாய் அகன்று உருண்டிருக்கும்; உடல் கருமையாக இருக்கும்; வாயை மூடினால் கீழ்த்தாடைப் பற்கள் வெளியே தெரியா. அமெரிக்க முதலை எனப்படும் மற்ற இனத்துக்கு முகவாய் ஒடுங்கியும் நிறம் சாம்பல் பச்சையாகவும் இருக்கும்; வாய் மூடிய நிலையிலும் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரியும். பின்னது மாநிலத்தின் தென்கோடிக் கடலோரத்தில் உவர்நீர்ப் பகுதிகளில் வாழ்கிறது. அது நடுவண் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. இரு இனங்களும் ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் பகுதி உலகிலேயே தென் புளோரிடா மட்டுமே என்பதால், இருட்டில் எதைக் குறிவைக்கிறோம் என்று அறிவது வேட்டைக்காரரின் பொறுப்பாகிறது.

தடையிலிருந்து அனுமதிக்கு

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் அலிகேட்டர்கள் தோலுக்காகக் கணக்கின்றிக் கொல்லப்பட்டன. காலணி, கைப்பை, இடைவார் ஆகியவற்றுக்கு இத்தோலுக்கு நல்ல விலை இருந்தது. எண்ணிக்கை சரிந்ததால் 1962-இல் புளோரிடா வேட்டையை நிறுத்தியது. லுயீசியானா மாநிலமும் அதே ஆண்டில் நிறுத்தியது. 1967-இல் அலிகேட்டர் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக நடுவண் அரசால் அறிவிக்கப்பட்டது.

தடை மட்டும் உடனே பலன் தரவில்லை. ஒரு மாநிலத்தில் திருட்டுத்தனமாகக் கொன்று, எல்லை கடத்திப் பக்கத்து மாநிலத்தில் விற்பது எளிதாக இருந்தது. 1969-இல் லேசி சட்டம் திருத்தப்பட்டு ஊர்வனவும் அதன் வரம்புக்குள் வந்த பின்னரே, மாநிலங்களுக்கு இடையே கள்ளத் தோல் போவதை நடுவண் அரசால் தடுக்க முடிந்தது. வாழிடங்கள் பெருமளவு எஞ்சியிருந்ததால் விலங்குகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகப் பெருகின. 1979-இல் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்கு அலிகேட்டர் மாற்றப்பட்டது. அதாவது, முறையான சான்றோடு ஏற்றுமதி செய்யலாம் என்றாயிற்று. 1987-இல் இனம் முழுமையாக மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே புளோரிடாவில் மாநிலம் தழுவிய பொது வேட்டை தொடங்கியது. இன்று அம்மாநிலத்தில் மட்டும் சுமார் 13 இலட்சம் அலிகேட்டர்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 67 மாவட்டங்களிலும் அவை காணப்படுகின்றன.

மீண்டுவிட்டது என்று அறிவித்த பிறகும் நடுவண் அரசு அலிகேட்டரைப் பட்டியலிலிருந்து முற்றாக நீக்கவில்லை. அழியும் அபாயத்திலுள்ள பிற முதலைகளின் தோலோடு தோற்ற ஒற்றுமை கொண்டது என்ற காரணத்தால் அது இன்னும் கண்காணிப்பில் உள்ளது. பதப்படுத்தி வெட்டிய தோல் துண்டைப் பார்த்து அது எந்த இனம் என்று சுங்க அதிகாரி சொல்வது கடினம். எனவே காக்கப்படுவது அலிகேட்டர் மட்டுமல்ல, அதைப்போல் தோன்றும் வேறு நாட்டு முதலைகளும்தான். அடையாளப் பட்டை இவ்வளவு முக்கியமானதற்கு இதுவே காரணம்.

எத்தனை அனுமதி என்பது எப்படி முடிவாகிறது

அலிகேட்டரின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் விளக்கொளி பட்டால் கண்கள் செந்தணலாக ஒளிரும். ஆணையத்தின் உயிரியலாளர்கள் இரவில் படகில் சென்று இந்தக் கண்களை எண்ணுகின்றனர். தலையின் அளவைக் கொண்டு நீளத்தையும் மதிப்பிடுகின்றனர். நீருக்குள் மூழ்கியிருப்பவை கணக்கில் வராது என்பதால், அதற்கு ஈடுசெய்து மொத்தத்தைக் கணிக்கின்றனர். இந்தக் கணிப்பிலிருந்தே ஒவ்வொரு வேட்டைப் பகுதிக்கும் எத்தனை பட்டைகள் என்பது முடிவு செய்யப்படுகிறது. பெரிய ஏரிகள் தனிப் பகுதிகளாக உள்ளன. அப்படிப் பிரிக்கப்படாத சிறு நீர்நிலைகளுக்கு மாவட்ட அளவிலான அனுமதி உண்டு.

எல்லா நீரும் வேட்டைக்குத் திறந்ததல்ல. எவர்கிளேட்சு தேசியப் பூங்காவுக்குள் அலிகேட்டர் வேட்டை கூடாது. தனியார் நிலத்தின் வழியாகத்தான் ஒரு குளத்தை அடைய முடியும் என்றால் நில உரிமையாளரின் இசைவு வேண்டும். மாவட்ட அனுமதி வைத்திருப்பவர் ஓர் இடம் திறந்ததா, மூடியதா என்பதைத் தாமே விசாரித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

விண்ணப்பமும் குலுக்கலும்

விண்ணப்பதாரருக்குப் பருவம் தொடங்கும் ஆகத்து 15 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 7,000-க்கும் சற்று மேற்பட்ட அனுமதிகளுக்கு அதைப்போல் இருமடங்கு பேர் போட்டியிடுகின்றனர். அதனால் குலுக்கல் முறை. கோடையின் தொடக்கத்தில் முதல் கட்டக் குலுக்கல் நடக்கும். எஞ்சியவை அடுத்தடுத்த கட்டங்களில் வழங்கப்படும். விண்ணப்பிக்கும்போதே எந்தப் பகுதி, எந்த வாரம் என்று விருப்ப வரிசை தர வேண்டும். கடன் அட்டை விவரமும் அப்போதே கேட்கப்படுகிறது. பெயர் விழுந்தால் கட்டணம் தானாகவே எடுக்கப்பட்டுவிடும்.

அண்மைய ஆண்டுகளில் மாநிலத்தில் வசிப்பவருக்கான கட்டணம் 272 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 1,022 டாலர். உரிமம் பெற்ற ஒருவர் பிந்தைய கட்டத்தில் இன்னோர் அனுமதி பெற்றால் அதற்கு 62 டாலர் மட்டுமே. அனுமதி பெற்றவருக்கு உதவியாக வேட்டையில் பங்கெடுப்பவருக்குக் குறைந்த கட்டணத்தில் துணை உரிமம் உண்டு. வெறுமனே படகில் உடன் வந்து பார்ப்பவருக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் அவர் கயிற்றில் கை வைத்தால் வேட்டையில் பங்கெடுத்தவராகிறார்.

பருவம்

வேட்டைப் பருவம் ஆகத்து 15 முதல் நவம்பர் 1 வரை. முதல் நான்கு வாரங்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் ஒதுக்கப்படும். ஒரே ஏரியில் ஒரே இரவில் எல்லாப் படகுகளும் கூடாமலிருக்க இந்த ஏற்பாடு. ஒதுக்கிய வாரத்தில் பட்டை செலவாகாவிட்டால், நான்கு வாரங்களும் கழிந்த பின் பருவ இறுதிவரை மீண்டும் முயலலாம். நெடுங்காலம் மாலை 5 மணி முதல் காலை 10 மணி வரை மட்டுமே வேட்டையாட முடிந்தது. இப்போது 24 மணி நேரமும் ஆடலாம். என்றாலும் பெரும்பாலோர் இரவையே தேர்கின்றனர், கண்ணொளியைக் கொண்டு தேடுவது எளிது என்பதால்.

பெண் அலிகேட்டர்கள் சூன் இறுதி, சூலை தொடக்கத்தில் முட்டையிடுகின்றன. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிகின்றன. வேட்டை தொடங்கும் காலத்தில் தாய்மார்கள் பெரும்பாலும் சதுப்பின் உட்பகுதியில் கூட்டருகே இருக்கும். திறந்த நீரில் திரிபவை பெரும்பாலும் ஆண்களும் வளர்ந்துவரும் இளையவையும். எனவே படகிலிருந்து வேட்டையாடுவோர் கையில் இனப்பெருக்கம் செய்யும் பெண்கள் குறைவாகவே அகப்படுகின்றன.

துப்பாக்கி ஏன் கூடாது

அலிகேட்டர் வேட்டையைப் படங்களில் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்: நீரில் சுதந்திரமாக நீந்தும் அலிகேட்டரைத் துப்பாக்கியால் சுடுவது புளோரிடாவின் பொது வேட்டையில் குற்றம். சுடப்பட்ட அலிகேட்டர் நீரில் மூழ்கிவிடும். கலங்கிய நீரில், இரவில், அதைத் தேடி எடுப்பது அரிது. காயத்தோடு தப்பியது எங்கோ சாகும். வேட்டைக்காரரின் பட்டை செலவாகாமலே இருக்கும். அவர் அடுத்ததைச் சுடுவார். இப்படி நடந்தால் இரண்டு என்ற வரம்புக்குப் பொருளே இல்லை. தவிர, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் தோட்டா அக்கரையில் உள்ள வீட்டுக்குப் போகக்கூடும்.

ஆகவே முதலில் விலங்கு ஒரு கயிற்றோடு பிணைக்கப்பட வேண்டும் என்பதே விதிகளின் மையம். எறியீட்டி, சுருக்குக் கயிறு, வில், குறுக்குவில், நீரடி ஈட்டித் துப்பாக்கி, இரையில்லாத மும்முனைத் தூண்டில் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். விலங்கில் தைக்கும் முனையோடு பிடிகயிறு இணைந்திருக்க வேண்டும். இரை கோத்த தூண்டில் முள்ளுக்குத் தடை உண்டு. அதற்குப் பதிலாக இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த மரக்குச்சியில் இரையைக் கட்டி, கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருக்கலாம். விலங்கு அதை விழுங்கினால் குச்சி குறுக்கே நின்று பிடிக்கும். கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது.

கயிற்றில் அகப்பட்டதைப் படகருகே இழுத்த பின் கொல்வதற்கு வெடிக்கோல் பயன்படுகிறது. இது நுனியில் ஒற்றைத் தோட்டா பொருத்திய நீண்ட கோல். தலையின் பின்புறம் அழுத்திக் குத்தினால் வெடிக்கும். பிடிகயிற்றில் உள்ள விலங்கின்மேல் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். கொன்ற பின்னும் தண்டுவடத்தைத் துண்டித்து மூளையைச் சிதைக்குமாறு ஆணையம் அறிவுறுத்துகிறது. செத்ததாக நினைத்துப் படகில் ஏற்றிய அலிகேட்டர் அசைந்தெழுவது உண்டு. வேதனையை நீட்டிக்காமலிருக்கவும் இதுவே வழி. குறைந்தபட்ச நீளம் 18 அங்குலம் என்று விதி இருந்தாலும், அந்த அளவுக்குப் பட்டையைச் செலவிடுபவர் யாரும் இருக்கமாட்டார்.

பட்டை

கொன்றவுடன், வேறெதையும் செய்வதற்கு முன், வால் நுனியிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் தோலைத் துளைத்துப் பட்டையைப் பூட்ட வேண்டும். ஒருமுறை பூட்டினால் அறுக்காமல் கழற்ற முடியாது. ஒவ்வொன்றிலும் தனி எண் உண்டு. 24 மணி நேரத்துக்குள் நீளம், இடம், நாள் ஆகியவற்றை அறிக்கைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். விலங்கையோ தோலையோ வேறொருவருக்குக் கொடுப்பதானால் அதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். இந்த அறிக்கைகளே அடுத்த ஆண்டின் கணிப்புக்கு உள்ளீடாகின்றன. ஒரு ஏரியில் பிடிபடுபவற்றின் சராசரி நீளம் ஆண்டுக்காண்டு குறைந்தால் அது எச்சரிக்கை.

இறைச்சியை வீட்டில் சமைக்கலாம். விற்பதானால் உரிமம் பெற்ற பதப்படுத்தும் நிலையம் வழியாகவே முடியும். தோல் ஏற்றுமதியாகும்போதும் பட்டை அதிலேயே இருக்கும். பட்டையில்லாத தோலுக்கு முறையான சந்தை இல்லை. பயன்படாத பட்டைகளைத் திருப்பி அனுப்புவது கட்டாயம். ஒவ்வோர் ஆண்டும் கணிசமான பட்டைகள் அப்படித் திரும்புகின்றன. அனுமதி கிடைத்தாலே முதலை கிடைத்துவிடும் என்பதில்லை.

அனுமதியில்லாமல் அலிகேட்டரைக் கொல்வதும், பிடிப்பதும், முட்டை எடுப்பதும் புளோரிடாச் சட்டப்படி மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். ஐந்தாண்டு வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம்.

தொல்லை தரும் அலிகேட்டர்கள்

வீட்டுக் குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ புகுந்த அலிகேட்டரை அகற்றுவது இத்திட்டத்தில் சேராது. அதற்கு 1978 முதல் தனித் திட்டம் உள்ளது. நான்கு அடிக்கு மேற்பட்டு, மக்களுக்கோ வளர்ப்பு விலங்குகளுக்கோ அச்சுறுத்தலாக இருந்தால், ஆணையத்தோடு ஒப்பந்தம் செய்த பிடிப்பாளர் வந்து அகற்றுவார். வேட்டை அனுமதி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வர முடியாது. அவருடைய அனுமதி வேறொரு ஏரிக்கானதாக இருக்கும்.

பிற மாநிலங்கள்

லுயீசியானா 1972-இல் கேமரன் மாவட்டத்தில் மட்டும் வேட்டையை மீண்டும் தொடங்கியது. அங்கே கடலோரச் சதுப்பின் பெரும்பகுதி தனியார் நிலம். பட்டைகள் நிலத்தின் பரப்பையும் தரத்தையும் பொறுத்து வழங்கப்படுகின்றன. இரை கோத்த தூண்டிலை இரவு முழுதும் கட்டிவைப்பது அங்கே வழக்கமான முறை. ஒரே விலங்குக்குப் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் விதி இப்படி மாறுகிறது. சார்சியா 2003-லும், மிசிசிப்பி 2005-லும், அலபாமா 2006-லும், தென் கரோலினா 2008-லும் பொது வேட்டையைத் தொடங்கின. அலபாமாவில் 2014-இல் அனுமதி பெற்ற ஒரு குடும்பத்தினர் பிடித்த அலிகேட்டர் 15 அடி 9 அங்குல நீளமும் 1,011.5 பவுண்டு எடையும் கொண்டிருந்தது. அங்கே ஓர் அனுமதிக்கு ஒரே பட்டைதான்.