மணலும் சக்கரமும்

"நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் ஜீப் இருக்கும்போது மணல் நம்மை என்ன செய்துவிடும்?" என்று கேட்டவன் நான்தான். பௌதிகம் படிக்கிறவன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

எங்கள் விடுதிக்கு மீன் கொண்டுவரும் பெரியவர் ஒருவரின் ஃபைபர் படகு பழுது பார்க்கப்பட்டிருந்தது. அவருக்கு லாரி வாடகை மிச்சமாகட்டும் என்று, நண்பனின் ஜீப்பில் டிரெயிலரைப் பூட்டிப் படகை ஏற்றிக்கொண்டு சங்குமுகத்துக்குத் தெற்கே ஒரு கரைக்குச் சென்றோம். சாலையை விட்டிறங்கி இருபதடி போகுமுன்பே டிரெயிலர் அச்சுவரை புதைந்தது. ஆக்ஸிலேட்டரை மேலும் மிதித்தோம். ஜீப்பும் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. கடலோ ஏறிக்கொண்டிருந்தது, கரையும் அங்கே குறுகல். படகின் கடன் இன்னும் தீராதது எங்களுக்குத் தெரியும்.

இது ஏன் நேர்ந்தது? உலர்ந்த மணலில் துகள்களுக்கிடையே பிணைப்பு இல்லை. பாரம் ஏறினால் அவை பக்கவாட்டில் விலகிவிடும். விலகாமல் தாங்க வேண்டுமானால் பாரம் அகன்ற இடத்தில் பரவ வேண்டும். டயர் தரைமீது செலுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதனுள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே ஆகும். ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ இருப்பதாகக் கொள்வோம். காற்று 32 பவுண்டு என்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. அப்போது டயர் பதியும் இடம் சுமார் 180 சதுர சென்டிமீட்டர். காற்றை 16 பவுண்டாகக் குறைத்தால் அந்த இடம் 360 ஆகிவிடும்.

டிரெயிலரின் நிலை இன்னும் மோசம். ஜீப்பின் சக்கரத்தை எஞ்சின் சுழற்றுகிறது. டிரெயிலரின் சக்கரமோ வெறுமனே இழுபடுகிறது. புதைந்தபின் அது கலப்பைபோல் மணலை முன்னே தள்ளும். ஆகவே டிரெயிலர் டயரிலும் காற்றைக் குறைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். இரண்டின் சக்கர அகலமும் ஒன்றாயிருந்தால், ஜீப் அழுத்திவைத்த தடத்திலேயே டிரெயிலர் வரும். இல்லையேல் புதுமணலை உழும்.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைக் கடந்த ஆங்கிலேய இராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்டு இம்முறையையே கையாண்டார். டயரின் காற்றைக் குறைத்தார்; புதைந்த சக்கரத்தின்முன் எஃகுத் தகடுகளை இட்டார். காற்றில் நகரும் மணலின் பௌதிகத்தைப் பற்றி 1941-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகிறது.

"ஈரமணலில் ஓட்டலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். சிறிதளவு நீர் துகள்களைப் பிணைக்கும் என்பது உண்மை. நீர் நிறைந்துவிட்டாலோ அந்தப் பிணைப்பு அற்றுப்போகும். கடல் வெகுதூரம் வற்றும் நாடுகளில் உறுதியான ஈரமணல் அகலமாகக் கிடைக்கும். நம் கரையிலோ ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு, சரிவும் அதிகம். அதை நம்பி இறங்குவது அலையின் வாயில் இறங்குவதே.

நாங்கள் திகைத்து நிற்கையில் பெரியவர், "காத்தை இறக்கு, மக்களே" என்றார். ஆறு டயர்களிலும் இறக்கினோம். மிகவும் இறக்கினால் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும் என்று அளவோடு நிறுத்தச் சொன்னார். சக்கரங்களின் முன்னிருந்த மணலை வாரினோம். தென்னை மட்டைகளை இட்டோம். கரையிலிருந்தோர் பத்துப்பேர் கைகொடுத்துத் தள்ள, ஜீப் முதல் கியரில் மெல்ல நகர்ந்தது. பிரேக் பிடிக்காமல், சட்டென்று திருப்பாமல், மேட்டில் படகை இறக்கினோம். சாலைக்கு வந்ததும் மெதுவாக ஓட்டிப்போய் மீண்டும் காற்றடைத்தோம். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் விரைவது ஆபத்து.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இக்கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர்வரை சென்று மக்களைக் காப்பாற்றினார்கள். அச்செய்தியைப் படித்தபோது வெள்ளத்தை மட்டுமே எண்ணினேன். அதற்குமுன் படகை மணலைத் தாண்டிக் கொண்டுவரவும் வேண்டும் என்பது இப்போதுதான் விளங்குகிறது. பாரத்தைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று பள்ளியிலேயே படித்தவன் நான். படித்தது உரிய நேரத்தில் நினைவுக்கு வர, அப்பெரியவரின் ஒரு சொல் வேண்டியிருந்தது.